பாசறையும் லயமும்

வேல்ஸ் நாட்டின் தென்பகுதியிலே கார்லியன் என்றொரு சிற்றூர் உளது. கி.பி. 75ஆம் ஆண்டளவில் உரோமரின் இரண்டாம் அகஸ்டா படையணி அங்கே கோட்டை அமைத்தது. வீரர் குடியிருப்புகளின் அடித்தளங்கள் இன்று புல்வெளியில் நீண்ட வரிசைகளாகத் தெரிகின்றன. அவற்றை அரசு சட்டத்தாற் காத்துவருகின்றது. எண்மருக்கு இரண்டு சிற்றறைகள். வரிசையின் ஒரு தலைப்பிலே நூற்றுவர் தலைவனுக்கு விசாலமான தனிமனை. அதன் படத்தைக் காணும் மலையகத்து மாணவன், இது நம் லயமன்றோ எனத் திகைப்பான்.

திகைப்பிற் பிழையில்லை. படைவீரரை வரிசையாகக் குடியமர்த்திய இடத்துக்கு ஆங்கிலேயர் வழங்கிய ‘லைன்’ என்னும் பெயரே தோட்டத்துக்கு வந்து, நம் நாவில் லயமாயிற்று. (காம்பராவோ போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல்.) 10 அடிக்கு 12 அடி அறையிலே ஒரு குடும்பம், மேட்டிலே துரை பங்களா.

நமது தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940இல் வந்தது. அது தொன்மைக்கு இட்ட எல்லை 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்கு மாறிய நாள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதோ 1867இல். ஆகவே மலையகத் தமிழரின் தோட்ட வரலாறு முழுவதுமே அக்கோட்டுக்கு இப்பால் விழுந்துவிடுகின்றது. பிந்திய கட்டடங்களையும் வர்த்தமானியில் அறிவித்துக் காக்க வழியுண்டு. ஆனால், கேட்பார் வேண்டுமே!

லயத்தை ஒழிப்பதன்றோ நமது கோரிக்கை, காப்பதா என வினவுவர். நியாயமான வினா. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். இன்றும் பல்லாயிரம் குடும்பங்கள் லயங்களிலேயே வாழ்கின்றன. கார்லியன் பாசறையில் இன்று எவரும் குடியிருக்கவில்லை. பழமையைப் பேணுவதாகச் சொல்லி ஒரு குடும்பத்தையேனும் ஒழுகும் கூரையின்கீழ் ஒருநாள் கூடுதலாக இருத்துவது கொடுமை. முதலில் வீடு, காணியுரிமை. எல்லோரும் வெளியேறிய பின்னர், தோட்டப் பகுதிக்கு ஒரு வரிசையேனும் இடிபடாது நிற்கட்டும். கம்பளைப் பகுதியிலே சமூக அபிவிருத்தி நிறுவகத்தார் பழைய லயமொன்றை அரும்பொருளகமாக்கியுள்ளனர். அது அவர்கள் தாமாக ஏற்ற பணி; அரசின் கடமை அதனால் தீர்ந்துவிடாது.

கார்லியனிற் கிடைத்த கற்களிலே, சுவரின் இப்பகுதியை இன்ன தலைவனின் அணி கட்டியது எனப் பெயர் பொறித்துள்ளனர். நம் லயச் சுவர்களிலே அத்தகைய எழுத்தில்லை. எந்தக் காம்பராவில் எவர் பிறந்தார், எவர் மாண்டார் என்பது முதியோர் நினைவில் மட்டுமே உண்டு. அட்டன், நுவரெலியா ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு அதனை எழுதிவைக்க வர்த்தமானி வேண்டியதில்லை.