கைதட்டும் உரிமை நமக்கு உண்டா?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் நம்மவர்க்கு மிகவும் பிடித்தமான மேடைப் பொருள். மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அவையில் கைதட்டல் எழும். நானும் கைதட்டியவனே, 2025ஆம் ஆண்டு மே மாதத்தின் இறுதியில், தமிழன்பர் சிலர் கூடிய சிறு கூட்டமொன்றில் அவரைப் பற்றி அரைமணி நேரம் பேசிக் கைதட்டல் பெற்றவனும்கூட. அந்தக் கைதட்டலுக்கு நாம் தகுதியுடையவர்கள்தாமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கேள்வி கசப்பானது. விழா மலரில் இனிப்பைத்தான் பரிமாற வேண்டும் என்பதில்லையே!

நாம் மெய்சிலிர்த்துக் கேட்கும் அந்த நிகழ்ச்சி யாது? 1955 டிசம்பர் முதல் நாள் மாலை, அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில், தையல் வேலை முடிந்து ரோசா பார்க்ஸ் என்னும் 42 வயதுப் பெண்மணி பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வெள்ளையர் ஒருவருக்கு இடம் வேண்டியிருந்தது. ஒருவருக்கு ஓர் இடம் போதாதோ? போதாது. கறுப்பர் அமர்ந்திருக்கும் வரிசையில் வெள்ளையர் அமர்தல் ஆகாது. ஆகவே அவ்வரிசையிலிருந்த நால்வருமே எழ வேண்டும் என்றார் ஓட்டுநர். மூவர் எழுந்தனர், பார்க்ஸ் எழவில்லை. கைது செய்யப்பட்டார். அந்நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தில் ஏற மறுத்தனர். வேலைக்கு நடந்தனர், கார் வைத்திருந்தோர் இல்லாதோரை ஏற்றிச் சென்றனர். இறுதியில் நாட்டின் உச்ச நீதிமன்றமே பேருந்துப் பாகுபாடு செல்லாது என்றது.

இப்போது நம் நாட்டு நாட்காட்டியைப் புரட்டுவோம். தீண்டாமையை 1950 சனவரி 26இலேயே நம் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்துவிட்டது. அதை மீறுவோரைத் தண்டிக்கும் தீண்டாமைக் குற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1955 சூன் முதல் நாள். அதாவது, ரோசா பார்க்ஸ் எழ மறுத்ததற்குச் சரியாக ஆறு மாதங்களுக்கு முன்பு! உணவு விடுதியில் பொதுவாக வைக்கப்பட்டுள்ள பாத்திரத்தை ஒருவர் பயன்படுத்துவதைத் தீண்டாமையின் பேரால் தடுப்பதும் குற்றமே என்று அச்சட்டம் கூறிற்று. 1976இல் அது திருத்தப்பட்டபோது அதற்கு இடப்பட்ட பெயர் யாது? குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்! அமெரிக்கர் 1964இல் போராடிப் பெற்ற சட்டத்தின் பெயரும் குடிமை உரிமைச் சட்டமே. ஆக, சட்டம் இயற்றுவதில் நாம் அவர்களுக்கு முந்தியவர்கள். அதைக் கடைப்பிடிப்பதில் எங்கே நிற்கிறோம்?

1959இல் கிங் ஒரு மாத காலம் நம் நாட்டில் சுற்றுப்பயணம் செய்தார். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகள் பயிலும் பள்ளியொன்றிற்குச் சென்றபோது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினாராம். முதலில் அதிர்ச்சியுற்றதாகவும், பின்னர் எண்ணிப் பார்த்து ஆம், நான் தீண்டத்தகாதவனே என்று உணர்ந்ததாகவும் கிங்கே 1965இல் தம் தேவாலய உரையொன்றில் கூறினார். அவருக்கு அந்த ஒற்றுமை ஒரு நாளில் விளங்கிற்று. அவரைப் புகழும் நமக்கு இன்னும் விளங்கவில்லை!

பேருந்துக் கதை நமக்கும் உண்டு. மாண்ட்கோமரிக்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராயிருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார், தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளுக்கு உரிமம் இல்லை என்று ஆணையிட்டார். இதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ரோசா பார்க்ஸின் பெயரறிந்த நம் பிள்ளைகளுக்குச் சௌந்தரபாண்டியனாரை நாம் சொல்லிக் கொடுத்ததுண்டா? சொன்னால், தமிழ்நாட்டிலும் அப்படிப்பட்ட பேருந்துகள் ஓடின என்பதையும் சேர்த்தன்றோ சொல்ல வேண்டிவரும்!

அது பழங்கதை என்பீர்கள். சரி, 1997க்கு வருவோம். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டது. கட்டபொம்மனோடு நின்று வெள்ளையரை எதிர்த்தவர் என்று போற்றப்படுபவர் அவர். ஆனால் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். அந்த ஒரே காரணத்துக்காக, அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று கிளம்பியது ஒரு கூட்டம். தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது, உயிர்கள் பலியாயின. முடிவில், அமைதி வேண்டி, எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கிற்று. நெடுந்தொலைவுப் பேருந்துகள் தாங்கியிருந்த திருவள்ளுவர் பெயரும் போயிற்று. பிறப்பினால் வேற்றுமையில்லை என்று உலகுக்கு உரைத்தவரும் சாதியின் பொருட்டுப் பேருந்திலிருந்து இறக்கப்பட்டார்!

மாண்ட்கோமரியில் சமத்துவம் வேண்டிப் பேருந்தைப் புறக்கணித்தார்கள். நம் நாட்டிலோ சமத்துவம் வேண்டாம் என்று பேருந்தைப் புறக்கணித்தார்கள். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள், கைதட்டத் தோன்றுகிறதா?

அதே 1997ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள், மதுரை மாவட்டம் மேலவளவு அருகே பேருந்தொன்று வழிமறிக்கப்பட்டது. அவ்வூராட்சி தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த முருகேசனும் உடனிருந்த ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். ரோசா பார்க்ஸ் கேட்டது பேருந்தில் ஓர் இருக்கை. முருகேசன் அமர்ந்தது சட்டம் தந்த நாற்காலியில். அந்நாற்காலி 2020இலும் எளிதில் கிட்டவில்லை. கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில், ஊராட்சித் தலைவரான தாழ்த்தப்பட்ட பெண்மணி கூட்டத்தின்போது தரையில் அமர்த்தப்பட்ட படத்தை நாடே கண்டது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள்!

இருக்கையை விடுங்கள், குவளைக்கு வருவோம். 1960 பிப்ரவரி முதல் நாள் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையர்க்குரிய உணவு மேடையில் அமர்ந்து காபி கேட்டனர், கடை மறுத்தது, அவர்கள் எழாமல் அமர்ந்திருந்தனர். அதிலிருந்து மாபெரும் அறப்போர் பிறந்தது. நம் ஊர்த் தேநீர்க் கடைக்காரர் அவர்களினும் கெட்டிக்காரர். அவர் மறுப்பதில்லை, தேநீர் தருவார், காசும் வாங்கிக்கொள்வார், குவளையை மட்டும் வேறாக வைத்திருப்பார். இதுவும் பழங்கதையன்று. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமையை விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியரே, அப்பகுதித் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை முறை இருப்பதைக் கண்டார்.

இவற்றைச் சொன்னால் நம் நண்பர்கள் மூன்று விடைகளைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இருந்தது நிறவெறி, நம்முடையது வேறு என்பது முதல் விடை. வேறுதான், மறுக்கவில்லை. நிறம் கண்ணுக்குத் தெரியும், சாதி தெரியாது. அதனாலன்றோ நாம் கேட்டறிகிறோம்! ஈராயிரம் கிலோமீட்டர் கடந்து தில்லிக்கு வந்த பின்னும், புதிதாய் அறிமுகமான தமிழரிடம் நாம் தொடுக்கும் கேள்விகளை எண்ணிப் பாருங்கள். எந்த ஊர் என்று தொடங்கும். எந்தத் தெரு என்பதில் வந்து நிற்கும். தெருவின் பெயர் கிடைத்ததும் நம் மனம் தன் கணக்கை முடித்துக்கொள்ளும். கண்ணால் அறிய இயலாததைக் காதால் அறிந்து விலக்குவோர், கண்ணால் கண்டு விலக்கியவரை எப்படிப் பழிப்பது?

அவர்களுக்குத்தான் இடஒதுக்கீடு இருக்கிறதே என்பது இரண்டாம் விடை. மத்திய அரசு எழுத்தனாகப் பணியாற்றும் நான் இதை நாள்தோறும் தேநீர் வேளையில் கேட்கிறேன். மத்தியப் பணிகளில் நூற்றுக்குப் பதினைந்து பட்டியல் சாதியினர்க்கும், ஏழரை பழங்குடியினர்க்கும் உரியது. இதைச் சலுகை என்கிறோம். தேநீர்க் கடைக் குவளையிலும், கோயில் கருவறை வாசலிலும், திருமணச் சந்தையிலும் தலைமுறை தலைமுறையாக நமக்கிருந்த ஒதுக்கீட்டை நாம் என்றேனும் எண்ணியதுண்டா? அந்த ஒதுக்கீட்டுக்குச் சதவிகிதமும் இல்லை, சுழற்சிப் பட்டியலும் இல்லை, முழுமையும் நமக்கே!

இதெல்லாம் கிராமத்துச் சங்கதி, நாம் தலைநகரவாசிகள் என்பது மூன்றாவது விடை. இதற்கு நான் என் வீட்டைக் காட்டியே மறுமொழி கூற வேண்டும்.

மதராசி என்று யாரேனும் ஏளனமாக அழைத்தால் நமக்குக் கோபம் வருகிறது. உங்கள் சமையல் மணம் ஆகாது என்று சொல்லி ஒரு வீட்டுக்காரர் எனக்கு வாடகைக்கு இடம் மறுத்ததுண்டு; அந்த அவமானம் பல நாட்கள் உறங்கவிடவில்லை. அதே நான், சொந்த இடம் அமைந்த பின் என்ன செய்தேன்? எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க ஒரு தமிழ்ப் பெண்மணி வந்துகொண்டிருந்தார். ஜங்புராவை ஒட்டி, பாராபுல்லா வடிகால் ஓரத்தில் இருந்த மதராசி கேம்பில் அவர் குடியிருந்தார். ஆறு ஆண்டுகள் எங்கள் பாத்திரங்கள் அனைத்தையும் அவர் கைகளே தேய்த்தன. ஆனால் அவர் காபி அருந்துவதற்கென ஒரு எவர்சில்வர் குவளை சமையலறைச் சன்னலில் தனியே இருந்தது. அவர் தேய்த்த குவளையில் நாங்கள் குடிக்கலாம். நாங்கள் குடிக்கும் குவளையில் அவர் குடிக்கலாகாது. இது எந்த ஊர் நியாயம்? வைத்தவர் என் தாயார் என்று சொல்லி நான் தப்பிக்க இயலாது. தாயார் மறைந்த பின்னும் அக்குவளை அங்கேயே இருந்தது. நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

2025 சூன் முதல் நாள், நீதிமன்ற ஆணைப்படி மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 குடிசைகள். அவர்களுள் ஏறக்குறையப் பாதிக் குடும்பங்களுக்கு நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. மற்றவர்க்கு அதுவும் இல்லை. அவ்விடிப்பின் நியாய அநியாயம் தனிக் கட்டுரைக்குரியது. ஆயினும், எழுத்தன் என்ற முறையில் தேதிகளைக் கவனிக்கும் பழக்கமுள்ளவன் நான்: தீண்டாமைக் குற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்து சரியாக எழுபது ஆண்டுகள் நிறைந்த நாள் அது.

பத்து நாட்கள் கழித்து, சம்பளப் பாக்கியைப் பெற்றுக்கொள்ள அவர் வந்தார். நரேலாவிலிருந்து இனி வேலைக்கு வர இயலாது என்றார். நாற்காலியைக் காட்டி, “உட்காருங்கள் அக்கா” என்றேன். “இருக்கட்டும் சார், பழக்கமில்லை” என்று சொல்லி, வழக்கம்போலச் சமையலறை வாசற்படியில் அமர்ந்தார். என் துணைவியார் காபி கலந்தார். வந்தவரோ, யாரும் சொல்லாமலே சன்னலிலிருந்த தம் குவளையைத் தாமே எடுத்து நீட்டினார். குடித்ததும் கழுவினார், அதே சன்னலில் கவிழ்த்து வைத்தார், போய்விட்டார். கிங்கைப் பற்றி நான் பேசிப் பதினைந்து நாட்கள்கூட ஆகவில்லை. அன்று கேட்ட கைதட்டல் என் காதில் வேறு விதமாக ஒலித்தது.

அன்றிரவு அந்தக் குவளையை மற்றவற்றோடு சேர்த்து வைத்தோம். இதை நான் சாதனையாகக் கூறவில்லை. அதில் சமமாக அமர்ந்து அருந்தியிருக்க வேண்டியவர் நரேலாவுக்குப் போன பிறகு செய்த செயல் அது. ஆறு ஆண்டுத் தாமதத்தை எந்தப் பதிவேட்டிலும் முன்தேதியிட்டுத் திருத்த முடியாது.

அன்பர்களே! எழ மறுத்தவரின் வீரத்தை மட்டும் புகழ்ந்தால் நம் கடமை தீர்ந்துவிடாது. நம்மில் பெரும்பாலோர் அந்தப் பேருந்தில் ரோசா பார்க்ஸ் அல்லர். அவர் எழுவதற்காகக் காத்து நின்ற மனிதரே நாம். அந்த மனிதர், வேண்டாம், அவர் இருக்கட்டும் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வசதியான பக்கத்தில் பிறந்து அச்சொல்லைச் சொன்னவர்கள் எங்கும் உண்டு. 1964இல் மிசிசிப்பியில் கறுப்பினத் தோழரோடு சேர்ந்து கொலையுண்ட இரு வெள்ளை இளைஞர்கள் அதைச் சொன்னார்கள். 1939 சூலை 8ஆம் நாள், கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலினுள் நுழைந்த வைத்தியநாத ஐயர் அதைச் சொன்னார். தம் உறவினராலேயே தூற்றப்படுவோம் என்பதை அவர் அறியாதவர் அல்லர்.

நாம் உயிரைத் தர வேண்டியதில்லை. சன்னலிலுள்ள குவளையை எடுத்தால் போதும். வேலைக்கு வருபவர்க்கு முதல் நாளே நாற்காலி காட்டினால் போதும். எந்தத் தெரு என்ற கேள்வியை விட்டொழித்தால் போதும். பிள்ளைகளின் மணப்பேச்சில் சாதி என்ற கட்டத்தை வெறுமையாக விட்டால் போதும். இவற்றுள் கடைசியானது எளிதன்று என்பதை அறிவேன். என் மகளுக்குப் பதினேழு வயது. என் சோதனையும் இனிமேல்தான் வரப்போகிறது. அதில் நான் தோற்றால், இந்த மலரை எடுத்து வந்து என் முகத்துக்கு நேரே படித்துக் காட்டும் உரிமையை உங்கள் அனைவர்க்கும் தருகிறேன்.

அதுவரை, கிங்கின் பெயர் மேடையில் ஒலிக்கும்போது நம் கைகள் சற்றே தயங்கட்டும். வீட்டைத் திருத்திவிட்டு வந்து தட்டுவோம்.