துண்டறிக்கையும் துணைவரும்: நெய்யாற்றின்கரை தரும் பாடம்

இதயநோய்த் தடுப்பு என்றதும் ஒருநாள் முகாமும் மருத்துவரின் சொற்பொழிவும் துண்டறிக்கையுமே நினைவுக்கு வருகின்றன. உப்பு மிகுதல் தீது, புகையிலை தீது என்பதை அறியாதவர் எழுத்தறிவு மிகுந்த கேரளத்தில் அரியர். அறிந்ததை அன்றாட வழக்கமாக்குவதே கடினம்.

இக்கடினத்தை நேராக எதிர்கொண்டது கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம். நீரிழிவு இதயநோய்க்கு வழிகோலும் முதன்மையான காரணங்களுள் ஒன்று. நெய்யாற்றின்கரை வட்டத்தின் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுந்த, 30 முதல் 60 வயது வரையிலான 1,007 பேர் இவ்வாய்வில் பங்கேற்றனர். ஒரு சாராருக்கு அறிவுரைக் கையேடு மட்டும் தரப்பட்டது. மறு சாரார் ஓராண்டுக் காலம் குழுக்களாகக் கூடினர். அவற்றுள் பெரும்பாலான அமர்வுகளை வழிநடத்தியவர்கள் அவர்களிடையே இருந்து தேர்ந்து பயிற்றப்பட்டவர்களே.

முடிவுகள் 2018இல் வெளியாயின. இரண்டாண்டுகளில் கையேடு பெற்றோரில் 17.1 விழுக்காட்டினருக்கும், குழுவினரில் 14.9 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்திருந்தது. இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானதன்று. ஆயினும் குழுவினரிடம் மதுப்பழக்கம் கூடுதலாகக் குறைந்தது. காய்கனி உண்பது கூடுதலாகப் பெருகியது.

இதைக் கொண்டு சமூகக் கல்வி தோற்றது என்பது அவசர முடிவு. வென்றது என்பது மிகை. பல்லாண்டுகளாக ஊறிய உணவுப் பழக்கம் ஓராண்டில் அசையத் தொடங்கியது என்பதே நேர்மையான வாசிப்பு. அசைந்தது நிலைபெற வேண்டுமெனில் ஆய்வுநிதி தீர்ந்ததும் கல்வி முடிந்துவிடலாகாது. ஊராட்சியும் ஆரம்ப சுகாதார நிலையமும் குடும்பஸ்ரீ அயற்கூட்டங்களும் அதைத் தம் நிலையான கடமையாக ஏற்க வேண்டும். இரத்த அழுத்தத்தை அளப்பதும் மருந்து தொடர்வதைக் கேட்டறிவதும் அக்கூட்டங்களின் வழக்கமாக வேண்டும்.

எல்லைக்கும் இதில் இடமுண்டு. 1956இல் விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மரச்சீனியும் கருவாடும் மட்டும் இருபுறமும் ஒன்றாகவே நீடிக்கின்றன. பாறசாலைப் பகுதியில் தமிழ் பேசும் குடும்பங்களும் வாழ்கின்றன. அவர்களுக்கான நலக்கல்வி அவர்கள் மொழியிலும் நிகழ வேண்டும். தமிழகமோ 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மருந்துகளை வீடு தேடித் தருகிறது. அப்பட்டறிவையும் நெய்யாற்றின்கரையின் குழுக்கல்வியையும் இரு மாநிலங்களும் பகிர்ந்துகொள்வதற்குக் களியக்காவிளைச் சோதனைச்சாவடி தடையாக இருக்க வேண்டியதில்லை.