அரட்டையும் தரவே

புலம்பெயர் சோமாலியரின் மொழியை ஆராய்வோர் பலர் ‘மொழியிழப்பு’ என்னும் முடிவோடே தொடங்குகின்றனர். சொற்பட்டியலை நீட்டி வினவும் நேர்காணலில் எவருக்குத்தான் நா எழும்? மின்னியாபொலிஸ், லண்டன் தேநீர்க் கடைகளில் ஓயாது நடக்கும் வாய்ச்சண்டைக்குச் சோமாலியிலேயே பெயருண்டு: ‘ஃபடி கு திரிர்’, அதாவது உட்கார்ந்தபடியே போர். கேலியும் அரசியலும் குலப்பெருமையும் அங்கேதான் உயிரோடு புழங்குகின்றன.

பட்டப்பெயர்களையே பாருங்கள். 2017இல் சோமாலியாவின் அதிபரான முகமது அப்துல்லாஹி முகமதுவை ஊரும் உலகும் அறிந்தது ‘ஃபர்மாஜோ’ என்றே. பாலாடைக்கட்டியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லின் திரிபு அது. (முகமதுகள் மலிந்த சமூகத்தில் வேறெப்படி ஆளை அடையாளம் காண்பது!) காலனிய வரலாறே ஒரு கேலிக்குள் அடங்கியிருக்கிறது. 1972இல்தான் அதிகாரபூர்வ எழுத்துமுறை பெற்ற மொழியின் வலிமையை எழுத்துத் தேர்வால் அளப்பது முறையன்று. அரட்டையைத் தரவாகக் கொள்ளாத இத்தகைய ஆய்வேடுகளை நெறியாளர்கள் திருப்பியனுப்ப வேண்டும்.