பிள்ளையின் துன்பத்துக்கு எத்தனை புள்ளி?

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. இரவெல்லாம் உடலைச் சொறிந்துவிட்டுக் காலையில் வகுப்பிலே தூங்கிவழியும் பிள்ளையின் துன்பத்தை எதனால் அளப்பது? லூயிஸ்-ஜோன்ஸ், பின்லே என்னும் இரு தோல்நோய் வல்லுநர்கள் 1995ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டிலே இதற்கு ஒரு வழி கண்டனர். 4 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென அவர்கள் ஆக்கிய வினாக்கொத்திலே பத்து வினாக்களே உள. சென்ற வாரத்தில் தோல் எவ்வளவு அரித்தது, மனம் எவ்வளவு வருந்தியது, நட்பும் உடையும் விளையாட்டும் படிப்பும் உறக்கமும் எவ்வளவு கெட்டன என்றெல்லாம் வினவி, ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் 3 வரை புள்ளி இடுவர். மொத்தம் 30. புள்ளி ஏற ஏறத் துன்பம் மிகுதி. மருந்து கொடுக்குமுன் ஒரு தடவையும் கொடுத்தபின் ஒரு தடவையும் வினவினால், மருந்தினால் பிள்ளைக்கு விளைந்த நன்மை புலனாகும்.

எக்ஸிமா எனப்படும் கரப்பான் நோய்க்கு இது பெரிதும் பயன்படுவதால், பல மொழிகளிலே பெயர்த்திருக்கிறார்கள். பெயர்க்கும் முறையும் இலேசானதன்று. இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பர். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவர். மூலத்தைக் காணாத வேறொருவர் அதனை மீண்டும் ஆங்கிலமாக்குவார். இறுதியாக, நோயுற்ற பிள்ளைகளிடமே கொடுத்து, "இந்த வினாவுக்கு நீ என்ன பொருள் கொண்டாய்?" என்று கேட்பர். இக்கடைசிப் படியே உயிர்நிலை என்பது நம் கருத்து. மீண்டும் ஆங்கிலமாக்கிப் பார்ப்பது சொற்பிழையைக் காட்டுமேயன்றி, வாழ்க்கை வேறுபாட்டைக் காட்டாது.

நீச்சல் பற்றிய வினாவை எடுத்துக்கொள்வோம். தோல் நோயினால் நீந்துவதையோ வேறு விளையாட்டையோ தவிர்த்தாயா என்பது அதன் கருத்து. இதனைத் தமிழாக்க ஐந்து நிமிடமும் வேண்டா. ஆனால் நீச்சற்குளத்தையே கண்டறியாத பிள்ளை முதற்சொல்லைப் படித்ததும் "இல்லை" என்று குறித்துவிடும், பூச்சியம் விழும். அப்பிள்ளைக்குத் துன்பம் இல்லை என்பது அதன் பொருளன்று. நீச்சல் இல்லை என்பதே பொருள். இப்படி இரண்டு மூன்று பூச்சியங்கள் சேர்ந்தால், கடுமையான நோயும் தாளிலே இலேசான நோயாகிவிடும். அத்தாளை நம்பும் வைத்தியர் மருந்தையும் இலேசாகவே கொடுக்கக்கூடும்.

மனவருத்தம் பற்றிய வினா இன்னும் நுட்பமானது. 'வெட்கப்பட்டாயா?' என்று எழுதினால் போதுமா? விருந்தினர் முன்னே பாடச் சொன்னாலும் நம் பிள்ளைகள் வெட்கப்படுவர், அது நோயன்று. 'பிறர் பார்ப்பார்களே என்று கையை ஒளித்தாயா?' என விரித்துக் கேட்டாற்றான் பிள்ளைக்கு விளங்கும். 'அரிப்பு' என்னும் சொல்லுங்கூட அப்படித்தான். யாழ்ப்பாணத்துச் சிறுவன் "உடம்பு கடிக்குது" என்றே தாயிடம் முறையிடுவான். (இலக்கணம் கற்பிக்கும் நம்மவர் அச்சொல்லைத் திருத்தப் புகுந்தால் வைத்தியம் கெடும்!)

கேலி செய்தல், பட்டப்பெயர் சூட்டல், விலகியிருத்தல் பற்றிய வினாவுக்கு மாத்திரம் எந்நாட்டிலும் மாற்றம் வேண்டியதில்லை போலும். கரப்பான் தொற்றுநோயன்று. ஆயினும் "ஒட்டிவிடும்" என்று பக்கத்து வாங்கிலிருந்து எழுந்து போகும் மாணவரும், பிள்ளையைத் தனியே இருத்தும் ஆசிரியரும் உளர்.

மூலத்திலே கேளாத வினாக்கள் வேறு. நம் வீடுகளிலே கிரந்தி என்று சொல்லி இறாலையும் கத்தரிக்காயையும் பிள்ளைக்கு விலக்குவர். எல்லாரும் உண்ண அது மாத்திரம் வேறு கறியோடு இருக்கும். கைக்குழந்தைகளுக்கென 2001இல் வெளிவந்த வினாக்கொத்து உணவு வேளைத் தொல்லையைக் கேட்கிறது, இதுவோ கேட்பதில்லை. கருநிறத் தோலில் நோய் ஆறியபின்னும் நெடுநாள் நிற்கும் தழும்பின் நிறத்தைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. பெண்பிள்ளையைப் பெற்ற தாய்க்கு அரிப்பைவிட அதுவே பெருங்கவலை.

அதற்காகப் பதினோராவது வினாவை நாமாகச் சேர்த்துவிட முடியாது. மொத்தம் 30 என்னும் கணக்கு குலைந்தால் பிறநாட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிட இயலாது. அவ்வினாக்களைப் புள்ளியின்றி வேறொரு தாளிலே கேட்டு வைத்தியர் கையிற் கொடுக்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.