ஒரே பக்கத்தில் இரு கைகள்

எங்கள் ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்திற்கு ஓர் இணையத்தளம் உண்டு. அதனைப் பேணும் குழுவில் நாங்கள் அறுவர். பாடசாலை வரலாற்றுப் பக்கத்தைத் திருத்தும் பொறுப்பு எல்லோருக்கும் உரியது என முதற் கூட்டத்திலேயே தீர்மானித்தோம். எல்லோருக்கும் உரிய பொறுப்பு ஒருவருக்கும் உரியதன்று என்பது அப்பொழுது எங்களுக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் மாலை, எண்பது வயதைக் கடந்த எங்கள் பழைய ஆசிரியர், பாடசாலை நூலகத்திற்கு நிலம் வழங்கியவரைப் பற்றிப் பேரனின் துணையோடு ஒரு நீண்ட பந்தி எழுதி அப்பக்கத்திற் சேர்த்தார். அதே வேளையில் யான் அப்பக்கத்தை என் கணினியில் விரித்து வைத்து ஒற்றுப்பிழை களைந்துகொண்டிருந்தேன். யான் திறந்தபொழுது அவர் பந்தி அங்கில்லை. யான் சேமித்தபொழுது என் பழைய படி அவருடைய புதிய படியின்மேல் ஏறி அமர்ந்துகொண்டது. எச்சரிக்கை எதுவும் தோன்றவில்லை. நாலைந்து ஒற்றுக்களைக் காப்பாற்றிய மனநிறைவோடு உறங்கப் போனேன்.

மறுநாட் காலை தொலைபேசி ஒலித்தது. “தம்பி, நான் எழுதினதை வெட்டினது ஆர்? அந்த மனுசன்ரை பேரைப் போட ஆருக்கு விருப்பமில்லை?”

வெட்டியது யானே, ஆயினும் வெட்டவேண்டும் என்று வெட்டவில்லை. இதனை விளக்க அரைமணி நேரம் சென்றது. அவர் ஐயம் முற்றாக நீங்கியதாக எனக்குத் தோன்றவில்லை. ஊரிலே ஒரு பெயர் விடுபட்டால் அதற்குக் காரணம் கற்பிப்போர் பலர் என்பதை வாசகர் அறிவர்.

ஒருவர் திருத்தத்தை மற்றொருவர் அறியாமலே அழிக்கும் இவ்விபத்தைத் தவிர்க்க இரு வழிகள் வழக்கில் உள்ளன. ஒன்று, பூட்டு. பலர் கையாளும் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளிலே, 2013இல் வெளிவந்த 3.6ஆம் பதிப்பு முதல், ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையை இன்னொருவர் திறக்க முயன்றால், இன்னார் எழுதுகிறார் என்று பெயர்சொல்லித் தடுக்கும் ஏற்பாடு உண்டு. நல்லதுதான். ஆனால் பக்கத்தைத் திறந்தபடியே விட்டுத் தேநீர் அருந்தப் போகின்றவர்களும் உலகில் உளர். அதற்காகவே, காத்திருப்பவர் அப்பக்கத்தைத் தம் கைக்கு மாற்றிக்கொள்ளவும் அங்கே வழி வைத்திருக்கிறார்கள்.

மற்றையது விக்கிப்பீடியாவின் வழி. அங்கே பூட்டு இல்லை. இருவர் ஒரு பக்கத்தின் வெவ்வேறிடங்களைத் திருத்தினால் இரண்டையும் மென்பொருளே இணைத்துவிடும். ஒரே வரியில் இருவரும் கைவைத்திருந்தால், பிந்திச் சேமிப்பவர்முன் இரு பாடங்களையும் வைத்து, ‘நீரே தீர்த்து வையும்’ என்று நிற்கும். பழைய படிகள் யாவும் வரலாற்றிற் கிடக்கும்.

நம்மவர்க்கு இது புதிதன்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தபொழுது, ஏடுகள் தம்முள் மாறுபட்ட இடங்களில் ஒன்றைக் கொண்டு மற்றதை எறிந்துவிடவில்லை. பாடபேதம் என்று குறித்து வைத்தார். அதனால் இரண்டாவது விக்கிப்பீடியா வழியே என் மனத்திற்கு உகந்தது.

எனினும் அதுவும் போதாது என்பது என் துணிபு. பொறி வரிகளைப் பார்க்கும், பொருளைப் பாராது. பக்கத்தின் தலைப்பில் ஒருவர் பாடசாலை தோன்றிய ஆண்டைத் திருத்துகிறார். அடியில் மற்றொருவர் பழைய ஆண்டை நம்பிப் பவளவிழாக் கணக்கு எழுதுகிறார். வரிகள் மோதவில்லை, பொறி மகிழ்ச்சியோடு இரண்டையும் சேர்க்கிறது, பக்கம் தன்னைத்தானே பொய்யாக்கிக்கொண்டு நிற்கிறது. வேண்டுமென்றே ஒருவர் எழுத்தை ஒருவர் மாற்றி மாற்றி அழிக்கும் சண்டைக்கும் பொறியிடம் மருந்தில்லை. ஒரு பக்கத்தில் இருபத்துநான்கு மணி நேரத்துள் மூன்று முறைக்குமேல் ஒருவர் பிறர் திருத்தத்தை நீக்கலாகாது என்று ஆங்கில விக்கிப்பீடியாவினர் 2004இல் விதித்தது மனிதர்க்கு இட்ட கட்டுப்பாடேயாம்.

ஆகவே, ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு பொறுப்பாளர் இருத்தல் வேண்டும் என்று குழுவில் வாதாடினேன். எவரும் திருத்தலாம், ஆனால் பெரிய திருத்தமாயின் முன்கூட்டிச் சொல்லவேண்டும், ஏன் திருத்தினோம் என்று ஒரு வரி எழுதவேண்டும், முழுப் பக்கத்தையும் ஒருமுறை வாசித்து ஒத்துப் பார்ப்பது பொறுப்பாளர் கடன். “இது சர்வாதிகாரம்” என்றார் இளைஞர் ஒருவர். பொறுப்பாளருக்குத் தடுக்கும் உரிமை இல்லை, வாசிக்கும் கடமையே உண்டு என்றேன். அரைமனத்தோடு இசைந்தார். நீண்ட வரலாற்றுப் பக்கத்தையும் ஐந்தாகப் பிரித்தோம். மோதல் பாதி அதனாலேயே குறைந்தது.

எங்கள் தளம் அன்று பழைய படிகளைச் சேர்த்து வைக்கும் வசதியற்றது. ஆசிரியரிடம் சென்று, மீண்டும் எழுதித் தரும்படி வேண்டினேன். தந்தார். முன்னையதிற் பாதியளவே இருந்தது. “முதல் எழுதினதெல்லாம் இப்ப ஞாபகமில்லைத் தம்பி” என்றார். எஞ்சிய பாதியில் என்ன இருந்தது என்பதை, அழித்த யானே வாசித்ததில்லை.