முதற்கோடு நீருக்கே

சென்னைக்குத் தெற்கே சதுப்பு நிலத்தின் விளிம்பில் எழும்பும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் விளம்பரங்களில் ஏரியும் நாரையும் அந்திச் சூரியனும் தவறாமல் இடம்பெறுகின்றன. அவற்றை நம்பி, ஆயுட்காலச் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்துக் கொடுத்துக் குடியேறும் குடும்பத்துக்கு, ஜன்னல் வழியே தான் பார்த்து மகிழும் அந்த ஏரியின் நீர்வழியிலேயே தன் வீட்டின் அஸ்திவாரம் நிற்கிறது என்ற விஷயம், பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகை அடைமழைக்குப் பின்னரே தெரியவருகிறது.

ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்து கிடந்த அந்தச் சதுப்பு நிலமான பள்ளிக்கரணைக் கழுவெளியில், 2022ஆம் ஆண்டு ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட பரப்பு ஏறக்குறைய 1,248 ஹெக்டேர் மட்டுமே. சுற்றுவட்டார ஏரிகளின் கலங்கல்களில் வழியும் நீர் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலோடு கலப்பதே ஆதி ஏற்பாடு. 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் ஜனங்களைப் படகில் ஏற்றி மீட்க நேர்ந்ததற்கு மழையை மட்டும் குறை கூறிப் பிரயோஜனமில்லை. மழைநீர் போகவேண்டிய பாதையில் நாம் குடியேறிவிட்டோம்.

அடுக்குமாடி வீடுகளை நாம் ஆட்சேபிக்கவில்லை. நூறு குடும்பங்கள் நூறு மனைகளில் பரவி வாழ்வதைக் காட்டிலும் ஒரே கட்டடத்தில் அடுக்கடுக்காக வாழ்வது, மண்ணை மிச்சப்படுத்தும் புத்திசாலித்தனமே. ஆனால் அவ்வாறு மிச்சமாகும் மண் மண்ணாகவே இருந்தால்தான் அந்த நியாயம் செல்லும். நடைமுறையிலோ, லாரி லாரியாகக் கிராவல் கொட்டி மனையைச் சாலைக்கு மேலே உயர்த்தி, சுற்றிலும் மதில் எழுப்பி, எஞ்சிய இடமெல்லாம் சிமெண்டுக் கல் பதித்து, மேலே நாலு சூரியத் தகடுகளையும் வாசலில் ஒரு புல்தரையையும் வைத்துவிட்டு, அதற்குப் 'பசுமைக் குடியிருப்பு' என்று நாமகரணம் சூட்டுகிறார்கள். உயர்த்திய மனையிலிருந்து விரட்டப்பட்ட நீர் பக்கத்துத் தெருவின் ஓட்டு வீட்டுக்குள் புகுகிறது.

எனவே நமது கட்சி இது: கழுவெளிக்குள்ளும் அதன் வாய்க்கால்களின் மீதும் எவ்வளவு சிறந்த கட்டடமாயினும் அனுமதி கூடாது. அதற்கு வெளியே கட்டும் இடங்களிலும், வரைபடத்தில் விழும் முதற்கோடு நீர் போகும் வழியாகவே இருக்கவேண்டும். மண் கொட்டாமல் கட்டடத்தைத் தூண்கள் மீது நிறுத்தி, கீழே வெள்ளம் தடையின்றிச் செல்ல விடவேண்டும். திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், மரங்களையும் நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் அனுசரித்துக் கட்டடத்தையே வளைத்தார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்திவைத்து நடுவே வெற்றிடம் விடும் அவருடைய சுவர், ஏறக்குறைய கால் பங்கு செங்கல்லை மிச்சம் பிடித்ததோடு வெயிலின் உக்கிரத்தையும் தணித்தது. சிக்கனமும் சுற்றுச்சூழலும் பகைகளல்ல என்பதற்கு, 'செலவு கட்டாது' என்று கையை விரிப்போருக்கு, இதைவிட வேறு திருஷ்டாந்தம் வேண்டாம்.

சட்டம் இயற்றினால் மட்டும் போதாதென்பதையும் நாம் அறிவோம். தமிழகத்தில் 2003ஆம் ஆண்டிலேயே மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. இன்றோ அந்தக் குழிகள் பல, கார் நிறுத்த இடம் போதவில்லையென்று ஓடு பதித்து மூடப்பட்டிருக்கின்றன. ஒருமுறை சான்றிதழ் வழங்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளாமல், ஆண்டுதோறும் பருவமழைக்கு முன்பாக அவற்றைத் திறந்து பார்ப்பதையும் அதிகாரிகளின் கடமையாகச் சர்க்கார் விதிக்கவேண்டும்.

வீடு வாங்கப் போகும் வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். மாதிரி வீட்டின் சமையலறை மேடையைத் தடவிப் பார்ப்பதற்கு முன், பழைய கிராம வரைபடத்தைக் கேட்டு வாங்கி, உங்கள் மனை அதில் மேடா, வாய்க்காலா, ஏரியா என்று பாருங்கள். அதைக் காட்டத் தயங்குபவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.