முதல் உலகக் கோப்பை எது?

உள்ளரங்கக் கால்பந்தின் முதல் உலகக் கோப்பை எந்த ஆண்டு நடந்தது? எங்கே நடந்தது? பொது அறிவுப் போட்டியில் இந்தக் கேள்வி வந்தால் 1989, நெதர்லாந்து என்று எழுதுங்கள். மதிப்பெண் கிடைத்துவிடும். ஃபிஃபாவின் பட்டியல் அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் அதற்கு 7 ஆண்டுகளுக்கு முன்பே, 1982-இல், பிரேசில் நாட்டின் சாவ் பாவ்லோ நகரில் இதே ஆட்டத்துக்கு ஓர் உலகக் கோப்பை நடந்து முடிந்து, ஜெயித்தவர்கள் கோப்பையோடு வீட்டுக்கும் போய்விட்டார்கள்.

நடந்த ஒன்றை நடக்காதது போலப் பட்டியல் போடலாமா? இதுதான் இன்று நான் பேச வந்த விஷயம். வாழ்நாளில் பெரும்பகுதியைப் பதிவேடுகளோடும் கோப்புகளோடும் கழித்தவன் நான். ஒரு பதிவேட்டின் முதல் வரி தப்பாக இருந்தால் அடுத்து வரும் வரிசை எண் எல்லாமே தப்பாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். 1930-இல் உருகுவே நாட்டின் தலைநகரான மான்டெவீடியோவில் கால்பந்தின் முதல் உலகக் கோப்பை நடந்தது. உருகுவேயே ஜெயித்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கால்பந்துப் பித்து பிடித்துவிட்டது. அங்கே ஒய்.எம்.சி.ஏ.வில் ஆசிரியராக இருந்தவர் ஹுவான் கார்லோஸ் செரியானி. கூடைப்பந்து ஆடுகிற இடத்திலேயே பிள்ளைகள் கால்பந்து ஆடும்படி அவர் ஒரு விதித்தொகுப்பை எழுதினார். கூடைப்பந்திலிருந்து பக்கத்துக்கு 5 பேர், 40 நிமிட ஆட்டம். ஹேண்ட்பாலிலிருந்து கோலின் அளவு. வாட்டர் போலோவிலிருந்து கோல் காப்பாளருக்கான விதிகள். நான்கு வீட்டில் கடன் வாங்கிச் சமைத்த குழம்பு என்றாலும் ருசி புதுசாக இருந்தது. பந்து அதிகம் எகிறக் கூடாது என்று அதைச் சிறியதாகவும் கனமாகவும் செய்தார்கள். பந்து தரையோடு ஓடுவதால் ஆட்டக்காரனுக்குக் காலில் வித்தை இருந்தே ஆகவேண்டும்.

ஸ்பானிய மொழியில் இதை 'ஃபுட்போல் தெ சலோன்' என்றார்கள், கூடத்தில் ஆடும் கால்பந்து என்று பொருள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு இந்தச் சொல் அந்நியமில்லை. வகுப்பறையையே 'சால் தெ கிளாஸ்' என்றுதான் சொல்லி வளர்ந்தோம். பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஆட்டத்தை 'ஃபுத்பால் ஆன் சால்' என்பார்கள். 'ஃபுட்சால்' என்ற பெயர் வந்த கதை தனி. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆட்டம் தென் அமெரிக்கா முழுவதும் பரவியது. 1971-இல் பிரேசிலில் இதற்கென்று ஒரு சர்வதேசச் சம்மேளனம் அமைத்தார்கள். சுருக்கப் பெயர் ஃபிஃபூசா. அதன் முதல் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஜோவாவ் ஹவலாஞ். 1974 முதல் 1998 வரை ஃபிஃபாவின் தலைவராக இருந்தாரே, அவரேதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1982-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை, சாவ் பாவ்லோவில் ஃபிஃபூசா தன் முதல் உலகக் கோப்பையை நடத்தியது. 10 அணிகள் வந்தன. பிரேசில், பராகுவே, உருகுவே, அர்ஜென்டினா, கொலம்பியா ஆகிய அண்டை வீட்டுக்காரர்கள் மட்டுமல்ல. இத்தாலி, நெதர்லாந்து, செக்கோஸ்லோவாக்கியா, கோஸ்டா ரிகா, ஜப்பான் அணிகளும் ஆடின. இறுதி ஆட்டத்தில் பிரேசில் 1–0 என்று பராகுவேயை வென்றது. வெளியுலகம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. அந்த ஜூன் 13-ஆம் தேதி ஸ்பெயினில் பெரிய உலகக் கோப்பை தொடங்கிவிட்டது. ஸிக்கோ, சாக்ரடீஸ் ஆடிய பிரேசில் அணியைப் பார்ப்பதா, கூடத்துக்குள் ஆடும் ஆட்டத்தைப் பார்ப்பதா?

ஃபிஃபூசா விடவில்லை. 1985-இல் ஸ்பெயினில் இரண்டாவது கோப்பை, மறுபடியும் பிரேசில். 1988-இல் ஆஸ்திரேலியாவில் மூன்றாவது. இந்த முறை பராகுவே, இறுதியில் பிரேசிலையே 2–1 என்று தோற்கடித்தது.

இதற்குள் ஃபிஃபாவின் கண் இந்த ஆட்டத்தின் மேல் விழுந்திருந்தது. கால்பந்து என்ற சொல்லையே ஃபிஃபூசா பயன்படுத்தக் கூடாது என்று தகராறு. சரி, உங்கள் சொல் உங்களுக்கே இருக்கட்டும் என்று ஃபிஃபூசாக்காரர்கள் 1985-இல் 'ஃபுட்சால்' என்ற புதுச் சொல்லைச் செய்துகொண்டார்கள். 1989 ஜனவரியில் நெதர்லாந்தில் 16 அணிகளோடு ஃபிஃபா தன் போட்டியை நடத்தியது. ராட்டர்டாமில் நடந்த இறுதி ஆட்டத்தில் பிரேசில் 2–1 என்று நெதர்லாந்தை வென்றது. அதுவே 'முதலாவது' என்று ஏட்டில் ஏறியது. இன்று ஃபிஃபா நடத்தும் அந்தப் போட்டியின் பெயர் என்ன தெரியுமா? 'ஃபிஃபா ஃபுட்சால் உலகக் கோப்பை.' சொல்லை எடுத்துக்கொண்டார்கள், சொல்லைச் செய்தவர்களின் கோப்பையை எடுத்துக்கொள்ளவில்லை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். 1982-இல் வந்தவை 10 அணிகள்தான், அதில் பாதி தென் அமெரிக்கா. ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு அணி கூட இல்லை. 1989-இல் அல்ஜீரியாவும் ஜிம்பாப்வேயும் வந்தன, சவூதி அரேபியா வந்தது, எல்லாக் கண்டங்களும் இருந்தன. அதனால் அதுதான் உண்மையான 'உலக'க் கோப்பை என்பார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே அளவுகோலை 1930-க்கும் வைத்துப் பாருங்கள். அன்று மான்டெவீடியோவுக்கு வந்தவை 13 அணிகள். 7 தென் அமெரிக்கா. ஐரோப்பாவிலிருந்து பிரான்ஸ், பெல்ஜியம், ருமேனியா, யுகோஸ்லாவியா ஆகிய நான்கே நான்கு, அதுவும் கப்பலேறி வந்தவை. மீதி இரண்டு அமெரிக்காவும் மெக்சிகோவும். ஆப்பிரிக்கா இல்லை, ஆசியாவும் இல்லை. தகுதிச் சுற்று என்று ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கோப்பையின் முதல் கோலை அடித்த பிரெஞ்சுக்காரர் லூசியன் லொரானின் பெயரை இன்றும் உலகமே சொல்கிறது. அது போதிய உலகம் இல்லை என்று ஃபிஃபா அதைத் தள்ளிவிடவில்லையே. தன் வீட்டுக் குழந்தைக்கு ஒரு படி, அடுத்த வீட்டுக் குழந்தைக்கு வேறொரு படியா?

அரசாங்க வேலையில் இருந்தவர்களுக்கு இது புதிதில்லை. தினக்கூலியாகச் சேர்ந்தவர் 7 வருஷம் மேசை துடைத்து, தபால் சுமந்து, கோப்பு கட்டியிருப்பார். எட்டாம் வருஷம் வேலை நிரந்தரமாகும். அன்றைக்குத்தான் அவர் பிறந்தார் என்பது போலப் பணிப் பதிவேடு தொடங்கும். முந்தைய 7 வருஷம் பென்ஷன் கணக்கில் வராது. விதி அப்படி, அதில் நான் வாதம் செய்யவில்லை. ஆனால் அவர் அந்த 7 வருஷமும் அலுவலகத்துக்கே வரவில்லை என்று யாரும் எழுதுவதில்லை. அப்படி எழுதினால் அது விதி இல்லை, பொய். அங்கீகாரம் கொடுக்கும் அதிகாரம் ஃபிஃபாவுக்கு உண்டு. முன்னால் நடந்ததை அழிக்கும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. ஃபிஃபூசாவைத் தொடங்கி வைத்தவரே ஃபிஃபாவின் நாற்காலியில் இருந்த காலத்தில் இது நடந்ததுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. தெரியாமல் விட்டுப்போயிற்று என்று சொல்ல வழியில்லை.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பிரேசிலுக்குப் பெரிய நஷ்டமில்லை. 2012-இல் கோப்பையை வென்றபோது அந்நாட்டுப் பத்திரிகைகள் 'ஏழாவது பட்டம்' என்று எழுதின; ஃபிஃபா கணக்கில் அது ஐந்தாவது. செல்வர் வீட்டில் இரண்டு பானை குறைந்தால் தெரியாது. பராகுவேயின் நிலைமை வேறு. கடற்கரை இல்லாத சின்ன நாடு. பெரிய கால்பந்தில் உலகக் கோப்பையை ஒருநாளும் தொட்டதில்லை. ஃபிஃபாவின் உள்ளரங்கக் கோப்பையையும் ஜெயித்ததில்லை. 1988-இல், ஆஸ்திரேலியாவுக்குப் போய், பிரேசிலைத் தோற்கடித்து உலகச் சாம்பியன் ஆனார்கள். மூன்றே மாதத்துக்குள் நெதர்லாந்தில் வேறொரு கோப்பை தொடங்கி, அதுதான் முதலாவது என்றாகிவிட்டது. அந்த ஆட்டக்காரர்களுக்கு இன்று ஏறக்குறைய நம் வயதை நெருங்கும். பேரப்பிள்ளைகளிடம் 'நான் உலகச் சாம்பியன்' என்று சொன்னால், பிள்ளைகள் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, 'பட்டியலில் இல்லையே தாத்தா' என்பார்கள். ஃபிஃபூசாவின் வழிவந்த சம்மேளனம் இன்றும் பராகுவேயின் தலைநகரிலிருந்து நடக்கிறது. 1982-ஐ முதலாவதாக எண்ணித்தான் அவர்கள் கோப்பை நடத்துகிறார்கள். பிடிவாதம் என்று சிலர் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த ஆட்டத்தோடு முடிந்த கதையும் இல்லை இது. 1971-இல் மெக்சிகோவில் பெண்களுக்கான கால்பந்து உலகப் போட்டி நடந்தது. அஸ்டெகா அரங்கில் லட்சம் பேர் முன்னால் டென்மார்க் பெண்கள் மெக்சிகோவை 3–0 என்று வென்றார்கள். ஏட்டில் முதலாவது எது? 1991, சீனா. பெண்களின் உள்ளரங்கக் கால்பந்துக்கு 2010 முதல் உலகப் போட்டிகள் நடந்தன. ஃபிஃபாவின் 'முதலாவது' 2025-இல் பிலிப்பைன்ஸில். பெரியவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் பந்தி தொடங்கியது என்று எழுதிக்கொண்டே போகிறார்கள்.

தீர்வு கஷ்டமானதா என்றால், இல்லை. உருகுவே அணியின் சட்டையைப் பாருங்கள், 4 நட்சத்திரம் இருக்கும். அவர்கள் ஜெயித்த உலகக் கோப்பை இரண்டுதான், 1930, 1950. மீதி இரண்டு நட்சத்திரம் 1924 பாரிஸ், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் தங்கத்துக்காக. உலகக் கோப்பை பிறக்கும் முன்பு அதுவே உலகப் பட்டம் என்று அவர்கள் சொல்கிறார்கள். அந்தச் சட்டையோடுதான் ஆடிவருகிறார்கள். வானம் இடிந்து விழவில்லை.

நம் புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பிரெஞ்சு நிர்வாகம் கை மாறியது 1954 நவம்பர் 1. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. ஒன்று தெ ஃபாக்தோ, மற்றது தெ ஜூரே. இரண்டாவது தேதிக்காக முதல் தேதியை நாம் அழித்துவிடவில்லை. இரண்டு நாளும் கொடியேற்றுகிறோம்.

நான் அந்தப் பட்டியலை எழுதும் குமாஸ்தாவாக இருந்தால் முதல் மூன்று வரிகளை இப்படித்தான் எழுதுவேன்: 1982, சாவ் பாவ்லோ, பிரேசில். 1985, ஸ்பெயின், பிரேசில். 1988, ஆஸ்திரேலியா, பராகுவே. குறிப்புக் கட்டத்தில் 'ஃபிஃபூசா நடத்தியது' என்று ஒரு வரி. நான்காவதாக 1989, நெதர்லாந்து, பிரேசில். குறிப்பில், 'இதிலிருந்து ஃபிஃபா நடத்துகிறது.' இவ்வளவுதான் வேலை. ஒரு பேனா, அரை மணி நேரம். யாருடைய கோப்பையையும் பிடுங்க வேண்டியதில்லை.

கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், 1982 என்று எழுதும் பிள்ளைக்கும் மதிப்பெண் போடுங்கள். அந்தப் பிள்ளை கொஞ்சம் கூடுதலாகப் படித்திருக்கிறது.